கைவிலங்கு வரை போன கேடட் பயிற்சி: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

13 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளுக்கான கேடட் பிரிவு அது. நாற்பது பேருக்குக் கொஞ்சம் குறைவு. வாரம் ஒருநாள் கூடுவார்கள், வருடத்துக்கு ஒரு முகாம். நடத்துபவர்கள் எல்லோரும் சம்பளம் வாங்காமல் வேலை பார்ப்பவர்கள். நிர்வாகக் குழுவில் நானும் இருந்தேன், நடந்ததைப் பதிவு செய்யும் பொறுப்பும் என்னிடம் வந்தது. யாருடைய பெயரையும் இதில் எழுதவில்லை. இதே மாதிரி பயிற்சி ஆரம்பிக்கலாமா என்று யோசிக்கும் வேறு குழுக்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பல வருடமாக டிரில், முதலுதவி, வரைபடம் பார்த்து வழி கண்டுபிடிப்பது, கூடாரம் போடுவது என்று ஓடிக்கொண்டிருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு அது போதும். பதினைந்து வயது தாண்டியவர்கள்தான் ஒவ்வொருவராக நின்றுவிடுவார்கள். அந்த நேரத்தில் ஓய்வுபெற்ற காவல் அதிகாரி ஒருவர் தானாக முன்வந்தார். முப்பது வருடத்துக்கு மேல் பணியில் இருந்தவர், பிள்ளைகளிடம் பொறுமையாகப் பேசுகிறவர், சொன்ன நேரத்துக்கு வருகிறவர். 12 வாரத்துக்கு ஒரு பாடத்திட்டம் எழுதிக்கொண்டு வந்தார். சட்டத்தின் அடிப்படை, சாட்சியம் என்றால் என்ன, வாக்கி டாக்கியில் பேசும் முறை, சம்பவ இடத்தைக் கலைக்காமல் பாதுகாப்பது, கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது, அப்புறம் ஒருவரை நிறுத்தி விசாரிப்பது, உடல் சோதனை, கைவிலங்கு போடுவது.

இதில் புதுமை எதுவும் இல்லை. கேரளத்தில் 2010ல் தொடங்கிய மாணவர் போலீஸ் கேடட் திட்டம் 2018ல் இந்தியா முழுக்க 8, 9ஆம் வகுப்புகளுக்கு விரிந்தது. பிரிட்டனில் 13 வயதிலிருந்து சேரக்கூடிய போலீஸ் கேடட் அமைப்பு இருக்கிறது, அமெரிக்காவில் 14 வயதிலிருந்து எக்ஸ்ப்ளோரர் என்ற பெயரில் காவல் நிலையங்களோடு சேர்ந்து இயங்கும் பிரிவுகள் இருக்கின்றன. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் எல்லாம் ஒரே சரக்கு இல்லை. கேரளத் திட்டம் பெரும்பாலும் உடற்பயிற்சி, சட்ட அறிவு, போதைக்கு எதிரான விழிப்புணர்வு, சமூக சேவை என்று நிற்கிறது. அமெரிக்கப் பிரிவுகள் பலவற்றில் வாகனத்தை மடக்குவது, கட்டடத்துக்குள் புகுந்து தேடுவது வரை ஒத்திகை நடக்கிறது, அதில் போட்டிகள்கூட உண்டு. எங்கள் அதிகாரி கொண்டுவந்த திட்டம் இரண்டுக்கும் நடுவில் இருந்தது. எது வரை போகலாம் என்று குழுவில் யாரும் கேட்கவில்லை. வருகைப் பதிவேடு நிரம்ப ஆரம்பித்ததும் கேட்கத் தோன்றவும் இல்லை.

முதல் நான்கு வாரம் அருமையாகவே போனது. கைது செய்யப்பட்டவருக்கு என்ன உரிமைகள், வாக்குமூலத்துக்கும் வதந்திக்கும் என்ன வித்தியாசம் என்றெல்லாம் அவர் நடத்தியபோது வழக்கமாகக் கடைசி வரிசையில் தூங்குகிற பையன்கூட கேள்வி கேட்டான். நின்றுபோன மூத்த கேடட்களில் சிலர் திரும்பி வந்தார்கள். பெற்றோருக்கும் திருப்தி.

கவனித்தவை

ஐந்தாவது வாரம் கைவிலங்கு வந்தது.

அதைக் கையில் எடுத்துப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். விலங்கின் வளைந்த கையில் சின்னச் சின்னப் பற்கள் இருக்கும், அது ஒரே பக்கமாகத்தான் நகரும். உள்ளே தள்ளத் தள்ள இறுகும், சாவி இல்லாமல் பின்னால் வராது. மாட்டி முடித்ததும் சாவியின் முனையால் பக்கத்தில் இருக்கும் சின்ன ஊசியை அழுத்தி இரண்டாவது பூட்டைப் போட வேண்டும். அதைப் போடாவிட்டால், மாட்டப்பட்டவர் உட்காரும்போதோ கையை லேசாகத் திருப்பும்போதோ விலங்கு தானாக இன்னும் இறுகும். மணிக்கட்டுக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு விரல் நுழைய இடம் இருக்க வேண்டும் என்றும் அதிகாரி சொல்லிக் கொடுத்தார், ஒவ்வொருவராக நின்று பார்த்துத் திருத்தினார். ஆனாலும் 14 வயதுப் பையனின் மணிக்கட்டு ஒல்லி. விரல் இடம் விட்டால் கையே வெளியே வந்துவிடுகிறது. அதனால் பிள்ளைகள் இறுக்கினார்கள். ஒரு பையனுக்குக் கட்டைவிரலின் பின்பக்கம் இரண்டு நாள் மரத்துப்போயிருந்தது. அந்த இடத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பு மணிக்கட்டு எலும்பின் மேல், தோலுக்குச் சற்றுக் கீழேயே ஓடுகிறது, விலங்கு சரியாக அங்கேதான் அழுத்தும். பையன் யாரிடமும் சொல்லவில்லை. அவனுடைய அக்காவும் எங்கள் கேடட் என்பதால் எங்களுக்குத் தெரிய வந்தது.

அதைவிட என்னை யோசிக்க வைத்தது வேறு. ஒத்திகையில் சந்தேக நபராக யார் நடிப்பது? ஆரம்பத்தில் அதிகாரி சீட்டுக் குலுக்கிப் போட்டார். அவர் மற்றொரு குழுவைப் பார்த்துக்கொண்டிருந்த வாரங்களில் பிள்ளைகளே முடிவு செய்துகொண்டார்கள். பிறகு பயிற்சிக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தபோது, எழுதி வைத்திருந்த ஒன்பது ஒத்திகைகளில் ஏழில் ஒரே பையன்தான் சந்தேக நபர். புதிதாகச் சேர்ந்தவன், அதிகம் பேசாதவன். நான் கேட்டபோது, "பரவாயில்ல மேடம், எனக்கு ஓகேதான்" என்றான். மூத்த கேடட் ஒருத்தி நேர்மையாகச் சொன்னாள்: "அவன்தான் திருப்பி வாதாட மாட்டான்."

அப்புறம் ஸ்டாப்வாட்ச். யாரும் கொண்டுவரச் சொல்லவில்லை. நிறுத்தியதிலிருந்து விலங்கு மாட்டும் வரை எத்தனை நொடி என்று அவர்களே போட்டி வைத்துக்கொண்டார்கள். நேரத்தை அளக்க முடியும், பேச்சுக் கொடுத்துச் சமாதானப்படுத்தியதை எப்படி அளப்பது? அதனால் பேச்சு சுருங்கிக்கொண்டே வந்தது. எட்டாவது வாரம் அதிகாரி ஒரு சூழ்நிலை வைத்தார். கூப்பிட்டும் நிற்காமல் நடந்து போகிற ஒரு பெரியவர். அவருக்குக் காது கேட்காது என்பது நடித்தவருக்கு மட்டும் தெரியும். நான்கு குழுக்களில் இரண்டு குழு ஒரு நிமிடத்துக்குள் அவரைச் சுவரோரம் நிறுத்தி விலங்கு போட்டுவிட்டது. ஒரு குழு மட்டும்தான் முன்னால் போய் நின்று முகத்தைப் பார்த்துக் கேட்டது. அதிகாரி பயிற்சியை அங்கேயே நிறுத்தினார். "என் சர்வீஸ்ல விலங்கு போட்டதைவிட, போடாம பேசி அனுப்பினதுதான் அதிகம்யா. அதை உங்களுக்கு எப்படிச் சொல்லிக் கொடுக்கிறதுன்னுதான் தெரியல" என்று சொன்னார். கோபத்தில் சொன்ன வார்த்தைதான், ஆனால் பின்னால் எங்கள் விவாதமெல்லாம் அதைச் சுற்றியேதான் நடந்தது.

சம்பவம்

பதினோராவது வாரத்தை ஒட்டி ஒரு விளையாட்டு விழா. எங்கள் கேடட்கள் ஒளிரும் ஜாக்கெட் போட்டு வழிகாட்டினார்கள், தொலைந்த குழந்தைகளுக்கான மேசையைப் பார்த்துக்கொண்டார்கள். பல வருடமாகச் செய்கிற வேலைதான், அதில் ஒரு பிரச்சினையும் வந்ததில்லை.

மதியம் பார்வையாளர் ஒருவரின் கைபேசி காணவில்லை என்று பேச்சு பரவியது. 16 வயது, 15 வயது கேடட்கள் இருவர், பையை மாட்டிக்கொண்டு வேகமாக வெளியே போன ஒரு சின்னப் பையனைப் பார்த்தார்கள். 13 வயது இருக்கும். பார்வையாளர் மேடைக்குப் பின்னால் அவனை நிறுத்தினார்கள். ஒருவன் முன்னால் சற்றுச் சாய்வாக நின்றான், மற்றவன் ஓரடி பின்னால் பக்கவாட்டில். பையைக் கீழே வைக்கச் சொன்னார்கள், கைகளைத் தெரிகிற மாதிரி நீட்டச் சொன்னார்கள். சட்டைப் பை, பேன்ட் பை எல்லாம் தட்டிப் பார்த்தார்கள், பையைத் திறந்து பார்த்தார்கள். ஒரு துண்டு, மாற்று உடை, ஒரு நோட்டு. நான்கைந்து நிமிடத்தில் விட்டுவிட்டார்கள். கைபேசி உரியவரின் நண்பர் பையிலேயே இருந்தது அரை மணி நேரத்தில் தெரிந்தது.

அன்று மாலை பையனின் அம்மா வந்தார். சத்தம் போடவில்லை. "அடிச்சாங்களான்னு கேட்டேன், இல்லன்னான். திட்டினாங்களா, இல்லன்னான். அப்புறம் ஏன்டா அழுறன்னு கேட்டா, நான் போகலாமான்னு கேட்டேன்மா, அவங்க பதிலே சொல்லலன்னான்."

இரண்டு கேடட்களையும் தனித்தனியாக உட்கார வைத்து எழுதித் தரச் சொன்னோம். இரண்டு தாளும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்தன, காரணம் இருவரும் பாடத்தில் வந்த படிகளை வரிசையாக எழுதியிருந்தார்கள். நின்ற கோணம், தூரம், கைகளைக் கவனித்தது, குரலை உயர்த்தாதது. பெருமை என்று சொல்ல மாட்டேன், ஆனால் தாங்கள் தப்பாக எதுவும் செய்யவில்லை என்ற நிம்மதி அந்த எழுத்தில் தெரிந்தது. படிகளை மட்டும் பார்த்தால் செய்யவும் இல்லை. முரட்டுத்தனமாக நடந்திருந்தால் இது ஒழுங்கு நடவடிக்கை விஷயமாக முடிந்திருக்கும். சொல்லிக் கொடுத்தபடியே நடந்ததால்தான் இது பாடத்திட்டத்தின் விஷயமானது.

ஒரு காவலர் ஒருவரை நிறுத்தினால் அதற்குப் பின்னால் சட்டம் தந்த அதிகாரம் இருக்கிறது. சாதாரண ஆளுக்கு இருக்கும் அதிகாரம் எந்த நாட்டிலும் மிகக் குறுகியது. உதாரணத்துக்கு இந்தியாவின் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 2023ன் 40ஆவது பிரிவை எடுத்துக்கொண்டால், ஜாமீனில் விட முடியாத, காவல்துறை நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் ஒன்று தன் கண்முன் நடந்தால்தான், அல்லது அந்த ஆள் அறிவிக்கப்பட்ட குற்றவாளியாக, அதாவது தலைமறைவானவர் என்று நீதிமன்றம் அறிவித்தவராக இருந்தால்தான் தனிநபர் ஒருவரைப் பிடித்து வைக்கலாம், அதுவும் ஆறு மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். வேகமாக நடந்து போனான் என்பதெல்லாம் அதில் வராது. பையைத் திறந்து பார்க்கும் உரிமை ஒரு ஜாக்கெட்டால் வந்துவிடாது.

உடனே எடுத்த முடிவுகள்

அன்றிரவே நிறுத்துதல், சோதனை, கைவிலங்கு ஆகிய செய்முறைப் பயிற்சிகளை முழுசாக நிறுத்தினோம். மறுநாள் குழுத் தலைவரும் அதிகாரியும் அந்த வீட்டுக்குப் போய்ப் பையனிடமே மன்னிப்புக் கேட்டார்கள். அம்மாவிடம் மட்டும் கேட்டால் போதாது என்பது அதிகாரியின் யோசனை. காவல் நிலையத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் நாங்களே தகவல் சொன்னோம், கேடட்களின் பெற்றோர் அனைவருக்கும் நடந்ததை மறைக்காமல் கடிதம் போனது.

இரண்டு கேடட்களையும் நீக்க வேண்டும் என்று குழுவில் ஒருவர் கடைசி வரை சொன்னார். நாங்கள் நீக்கவில்லை. அவர்களுக்கு அந்தப் பயிற்சியைக் கொடுத்ததும், ஜாக்கெட் மாட்டி மைதானத்தில் நிறுத்தியதும், இது உன் வேலை இல்லை என்று ஒருமுறைகூடச் சொல்லாததும் பெரியவர்கள். பழியைப் பதினாறு வயதுப் பையன் தலையில் கட்டிவிட்டால் பயிற்சியை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

காப்பீட்டு நிறுவனத்தின் பதில் இரண்டே வரி: உடலைக் கட்டுப்படுத்தும் பயிற்சி எங்கள் ஒப்பந்தத்தில் சேராது. அதை வைத்தே கடையைக் கட்டியிருக்கலாம். அப்படிச் செய்யாமல் உட்கார்ந்து பேசினோம், அது நல்லது என்றே இப்போதும் நினைக்கிறேன்.

விவாதம்

அதிகாரியின் வாதம் லேசில் தள்ளக்கூடியது இல்லை. "இதெல்லாம் வீடியோவுல தினம் பார்க்கிறாங்க. அரைகுறையா பார்த்து செய்யறதைவிட முறையா தெரிஞ்சிக்கட்டும். போலீஸ்காரன் என்ன செய்யணும்னு தெரிஞ்ச பையனுக்குத்தான் அவன் எங்க தப்பு பண்றான்னும் தெரியும்." இரண்டாவது பாதியை நான் முழுசாக ஏற்கிறேன். முதல் பாதியில்தான் சிக்கல், ஏனென்றால் எங்கள் இரண்டு பேரும் அரைகுறையாகச் செய்யவில்லை, முறையாகத்தான் செய்தார்கள்.

17 வயதுக் கேடட் ஒருத்தியையும் கூட்டத்தில் பேச விட்டோம். காவல் பணிக்குப் போகப் போகிறேன் என்று சேர்ந்த நாளிலிருந்தே சொல்கிறவள். "வழி காட்டறதும் கயிறு பிடிக்கிறதும்தான்னா, நான் ஏன் சார் வரணும்? எங்களை நம்பி ஏதாவது கொடுத்தது இந்தப் பாடத்துலதான்" என்றாள். அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அவள் சொன்னதற்கு இன்றுவரை எங்களிடம் முழுப் பதில் இல்லை.

பெற்றோர் ஒருவர் வெளிநாட்டுச் செய்திகள் சிலவற்றைக் கொண்டுவந்தார். 2009 ஜனவரியில் சிகாகோவில், முன்பு எக்ஸ்ப்ளோரர் பிரிவில் இருந்த 14 வயதுப் பையன் சீருடையோடு ஒரு காவல் நிலையத்துக்குள் போய் நின்றான். அவனைக் காவலர் என்றே நினைத்து ஒரு அதிகாரியோடு ரோந்துக்கு அனுப்பினார்கள், சுமார் ஐந்து மணி நேரம் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. 2017ல் லாஸ் ஏஞ்சலிஸில் கேடட்கள் மூன்று பேர் காவல்துறையின் ரோந்துக் கார்களையே எடுத்துக்கொண்டு போய், துரத்தலில் மோதி மாட்டினார்கள். குழுவில் சிலர் இதைக் கேட்டுச் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. எப்படி நிற்பது, எப்படிப் பேசுவது என்று நன்றாகக் கற்றுக்கொண்ட பிள்ளைகள்தான் அவர்கள். பெரியவர்களையே நம்ப வைக்கிற அளவுக்கு.

அதே லாஸ் ஏஞ்சலிஸ் விசாரணை போன போக்கில்தான், 15 வயதுக் கேடட் பெண்ணிடம் தவறாக நடந்ததாக ஒரு காவலர் கைதானார். இது தனி ஒரு சம்பவமும் இல்லை. அமெரிக்க எக்ஸ்ப்ளோரர் பிரிவுகளில் காவலர்கள் மீது எழுந்த இப்படிப்பட்ட குற்றச்சாட்டுகள் கிட்டத்தட்ட 200 வரும் என்று தி மார்ஷல் புராஜெக்ட் என்ற செய்தி அமைப்பு 2024ல் தொகுத்து வெளியிட்டது. எங்கள் பிரிவில் யார் மீதும் அந்த மாதிரி சந்தேகம் எழுந்ததில்லை, அதிகாரி மீது நிச்சயமாக இல்லை. ஆனால் ரோந்து வண்டியில் ஒரு பெரியவரோடு ஒரு கேடட் தனியாக உட்காருவது, உடல் சோதனை ஒத்திகை, எதிர்கால வேலைக்கான சிபாரிசு அந்தப் பெரியவர் கையில் இருப்பது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்காமல் இருக்க முடியாது. நல்ல மனிதர் என்ற நம்பிக்கையின் மேல் ஒரு விதியைக் கட்ட முடியாது என்று சொன்னவரும் அந்த அதிகாரியேதான்.

வேறு ஒருவர், செய்முறைக்குப் பதிலாகச் சிறைச்சாலைக்குக் கூட்டிப் போய்க் காட்டலாமே, பயம் வருமே என்றார். அதை அங்கேயே விட்டுவிட்டோம். பிள்ளைகளைச் சிறையைக் காட்டி மிரட்டுகிற திட்டங்களை அமெரிக்காவில் ஒன்பது சோதனைகளில் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று, போன பிள்ளைகள் போகாதவர்களைவிட அதிகமாகக் குற்றத்தில் மாட்டினார்கள் என்றே காட்டுகிறது.

முடிவுக்கு உதவியது இந்திய தேசிய மாணவர் படையின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். கொரோனா காலத்தில் அரசு நிர்வாகத்துக்கு உதவ அந்தப் படையினரை அனுப்பினார்கள். வரிசையை ஒழுங்குபடுத்தலாம், போக்குவரத்தைப் பார்க்கலாம், நிவாரணப் பொருள் பிரித்துக் கட்டலாம், உதவி எண்ணில் பேசலாம். சட்டம் ஒழுங்குப் பணியில் மட்டும் ஈடுபடுத்தக் கூடாது, அதுவும் 18 வயது தாண்டிய மூத்த பிரிவினர் மட்டுமே வரலாம் என்று எழுதியே கொடுத்தார்கள். துப்பாக்கி சுடக் கற்றுக்கொண்ட பிள்ளைகளுக்கே அந்தக் கோடு போட்டிருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் 13லிருந்து 17 வரை.

எனக்குத் தோன்றியதையும் சொல்லிவிடுகிறேன். விலங்கு போடும் கைவேலையை ஒரு மதியத்தில் கற்றுக்கொள்ளலாம். கட்டாயம் தேவைப்பட்டால் மட்டும், தேவையான அளவுக்கு மட்டும் பலத்தைப் பயன்படுத்து என்று ஐ.நா. 1979ல் வகுத்த நடத்தை விதிகள் சொல்கின்றன, அந்த வரியையும் மனப்பாடம் பண்ண வைக்கலாம். ஆனால் ஒரு காவலர் அந்த வரிக்குக் கட்டுப்படுவது மனப்பாடத்தால் மட்டும் இல்லை. எத்தனை மணிக்கு, எதற்காகப் போட்டாய் என்று எழுதி வைக்க வேண்டும், மேலதிகாரி கேட்பார், வக்கீல் கேட்பார், நீதிபதி கேட்பார், புகார் வந்தால் வேலையே போகும். இந்த ஏற்பாடு எல்லா இடத்திலும் ஒழுங்காக நடக்கிறதா என்பது வேறு பேச்சு. கேடட்டுக்கு அது பெயரளவுக்குக்கூடக் கிடையாது. கைக்குத் திறமையைக் கொடுத்துவிட்டு, அதைப் பயன்படுத்தியதற்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தை நாம் கொடுக்கவில்லை. அந்தச் சின்னப் பையன் போகலாமா என்று கேட்டபோது இரண்டு பேரும் பேசாமல் நின்றது அதனால்தான். போகலாம், போகக்கூடாது இரண்டில் எதைச் சொல்லவும் அவர்களுக்கு உரிமை இல்லை, அது அவர்களுக்குத் தெரியவும் இல்லை.

மாற்றி அமைத்த பாடம்

நிறுத்துதல், உடல் சோதனை, கைவிலங்கு மூன்றும் 18 வயதுக்குக் கீழ் யாருக்கும் இல்லை என்று எடுத்தோம். சட்டம், உரிமைகள், வாக்கி டாக்கி, சம்பவ இடத்தைப் பாதுகாப்பது, கூட்டத்தைப் பாதுகாப்பாக வெளியேற்றுவது எல்லாம் இருக்கும். ஒத்திகைகள் போகவில்லை, பக்கம் மாறின: இனி கேடட்கள் நடிப்பது நிறுத்தப்படுகிறவராகத்தான், நிறுத்துகிறவராக நடிப்பது அதிகாரி மட்டும். நான் தடுத்து வைக்கப்பட்டிருக்கிறேனா, போகலாமா, என்ன காரணம் என்று மரியாதையாகக் கேட்கப் பழக வேண்டும். யார் எப்போது நடிப்பது என்பது சுழற்சிப் பட்டியல்படி. எந்தப் பயிற்சியிலும் இரண்டு பெரியவர்கள் இல்லாமல் வகுப்பு தொடங்காது.

விழாப் பணிக்குப் போகும் ஒவ்வொரு கேடட்டும் ஒரு வாக்கியத்தைச் சொல்லிக் காட்ட வேண்டும்: பார்த்தால் சொல்வேன், தொடமாட்டேன், தடுக்கமாட்டேன். யாரிடம் சொல்வது என்று அந்த நாளுக்கான பெரியவரின் பெயர் ஜாக்கெட்டின் உள்பக்கம் ஒட்டப்படும்.

பிறகு நடந்தது

ஆறு பேர் நின்றுவிட்டார்கள், எல்லோரும் பதினைந்து தாண்டியவர்கள். அதை மறைத்து எழுதுவதில் அர்த்தமில்லை. கைவிலங்குக்காகத்தான் வந்தார்கள், அது போனதும் போனார்கள். சம்பவத்தில் இருந்த 15 வயதுப் பையனும் அதில் ஒருவன். அதிகாரி ஒரு மாதம் போல வரவில்லை, அப்புறம் புதுப் பாடம் ஒன்றோடு வந்தார்.

அந்தப் பாடத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது யாரோ ஒருவர் உள்ளே வந்து மேசை மேலிருந்த பையை எடுத்துக்கொண்டு ஓடினார். ஏற்பாடு செய்த நாடகம், கேடட்களுக்குத் தெரியாது. பத்து நிமிடம் கழித்து, யாரோடும் பேசாமல் பார்த்ததை எழுதச் சொன்னார். சட்டை நீலம், கறுப்பு, சாம்பல், ஒருவர் தாளில் சிவப்பு. தாடி இருந்தது என்று மூன்று பேர், இல்லை என்று நான்கு பேர், மற்றவர்கள் அதை எழுதவே இல்லை. பிறகு ஐந்து பேரை வரிசையாக நிறுத்தி அடையாளம் காட்டச் சொன்னார். பாதிப் பேருக்கு மேல் கை நீட்டியது தவறான ஆளை. உண்மையில் ஓடியவர் அந்த வரிசையிலேயே இல்லை. இல்லை என்று சொல்லலாம் என்பதே இரண்டு பேருக்குத்தான் தோன்றியது.

அதைத் தொடர்ந்து 1974ல் லாஃப்டஸ், பால்மர் இருவரும் செய்த சோதனையைச் சொன்னார். ஒரே கார் விபத்துப் படத்தைக் காட்டிவிட்டு, கார்கள் "மோதியபோது" என்ன வேகம் என்று சிலரிடமும், "நொறுங்கியபோது" என்ன வேகம் என்று சிலரிடமும் கேட்டார்கள். இரண்டாவது கேள்வியைக் கேட்டவர்கள் அதிக வேகம் சொன்னார்கள், உடையாத கண்ணாடி உடைந்து கிடந்ததாகவும் அவர்களில் அதிகம் பேர் சொன்னார்கள். 16 வயதுப் பையன், மைதானத்தில் அன்று முன்னால் நின்றவன், வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது அதிகாரியிடம் கேட்டான்: "சார், அந்தப் பையன் வேகமா போனான்னு நாங்க எழுதினோம்ல. கைபேசி காணோம்னு கேட்டதுக்கு அப்புறம்தானே எங்களுக்கு அது வேகமா தெரிஞ்சிது?" அவர் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. அடுத்த வாரம் இதை நீயே வகுப்பில் எடு என்றார். எடுத்தான், கொஞ்சம் திக்கித் திணறி.

வருகை பழைய உச்சத்துக்கு வரவில்லை, ஆனால் பாடம் தொடங்குவதற்கு முன்னால் இருந்ததைவிட மேல். காவல் பணிக்குப் போகப் போகிற அந்தப் பெண் நிற்கவில்லை. சோதனை செய்யப்பட்ட பையன் அந்த மைதானத்துக்குத் திரும்பி வரவில்லை என்று அவன் அம்மா சொன்னார். அவன் விவரம் எதுவும் எங்கள் ஆவணங்களில் இருக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டார், அப்படியே செய்தோம்.

இனி மாற்ற வேண்டியவை

வெளியிலிருந்து பயிற்றுநர் யார் வந்தாலும், எது பாடத்தில் இல்லை என்பதை முதல் வகுப்புக்கு முன்பே எழுத்தில் முடிவு செய்ய வேண்டும். பெற்றோரிடம் வாங்குகிற சம்மதம் பொதுவாக இல்லாமல் ஒவ்வொரு செய்முறைக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும், கைவிலங்கு என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டோம் என்று இரண்டு பெற்றோர் சொன்னார்கள். பயிற்சிக் குறிப்பேட்டை மாதம் ஒருமுறை பாடம் எடுக்காத ஒருவர் படிக்க வேண்டும், ஏழு தரம் ஒரே பெயர் வந்தது அப்போதே கண்ணில் பட்டிருக்கும். கேடட்களே ஒரு போட்டியைக் கண்டுபிடித்து நடத்த ஆரம்பித்தால், அதில் எதை அளக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

முடிவாகாத ஒன்று இருக்கிறது. 17 வயதாகி, காவல் பணிக்கு உண்மையிலேயே விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு ஏதாவது தனி வழி வேண்டுமா? அதிகாரி வேண்டும் என்கிறார்: கைவிலங்கு இல்லாமல், ஒரு காவல் நிலையத்தின் எழுத்து வேலையையும் புகார் பதிவையும் பக்கத்திலிருந்து பார்க்க விடலாம் என்கிறார். குழுவில் பாதிப் பேர் சம்மதம், பாதிப் பேருக்கு அங்கே உடன் இருக்கப்போகும் இரண்டாவது பெரியவர் யார் என்ற கேள்வி. அந்தப் பெயர் கிடைக்கும் வரை தீர்மானத்தைத் தள்ளி வைத்திருக்கிறோம்.